பாலிடெக்னிக் எப்போதுமே இரண்டாம் பந்திதானா? (அக்கா மகளுக்காகக் கேட்கிறேன்)

#1 செக்காலை_வள்ளி

வணக்கம். பாதி வீட்டுச் சண்டை, பாதி வரலாற்றுச் சந்தேகம். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அக்கா மகள் பத்தாம் வகுப்பில் 500-க்கு 442 வாங்கியிருக்கிறாள். ப்ளஸ் டூ, அப்புறம் பி.இ. என்று வீட்டில் எல்லோரும் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அவளோ பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். எங்கள் தெருமுனையில் ஒரு லேத் பட்டறை இருக்கிறது. கோடை விடுமுறை முழுக்க அதன் வாசலிலேயே பழியாகக் கிடந்தாள். "இரும்பு சுத்தச் சுத்தச் சுருள் சுருளா உரியுது சித்தி, நாளெல்லாம் பார்க்கலாம்" என்கிறாள்.

அத்தான் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "அது மார்க் வராத பிள்ளைக போற இடம்." அவளுடைய அப்பத்தா அதற்கும் மேலே: "பொம்பளப் பிள்ளை அரத்தை வச்சு இரும்பை ராவிக்கிட்டு நிக்கவா இம்புட்டுப் படிக்க வச்சோம்?"

நான் பள்ளியில் வரலாறு எடுப்பவள். அதனால் சண்டையை விட்டுவிட்டு என் புத்தி வேறு பக்கம் போய்விட்டது. 'பாலிடெக்னிக்' என்கிற இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? தொடக்கத்திலிருந்தே இது இரண்டாம் பந்திதானா, நாம் பிறகு அப்படி ஆக்கினோமா? எல்லா நாட்டிலும் இப்படித்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அறிவுரையும் வரவேற்கப்படும், திட்டு மட்டும் வேண்டாம்.

#2 மஞ்சுவிரட்டு_82

அக்கா, உங்கள் அத்தான் சொல்வதுதான் சரி. 442 எடுத்த பிள்ளையைப் பாலிடெக்னிக்கில் போடுவது பர்மாத் தேக்கை அடுப்புக்கு வெட்டுகிற மாதிரி. நான் பி.இ. முடித்துப் பதினெட்டு வருடமாகச் சென்னையில் மென்பொருள் வேலை. எங்கள் கம்பெனியில் டிப்ளமோ என்று எழுதிய விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். வரலாறு எல்லாம் படிக்க நன்றாக இருக்கும். சம்பளச் சீட்டில் அது வராது.

#3 ஸ்டுட்கார்ட்_சொக்கு

வள்ளி அக்கா, சொந்த ஊர் கானாடுகாத்தான். இங்கே ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இந்தக் கேள்விக்கு என் ஊரே பதில் வைத்திருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பாலி என்றால் பல, டெக்னே என்றால் கலை அல்லது கைத்திறன். இரண்டும் கிரேக்கச் சொற்கள். இந்தப் பெயரை முதலில் பலகையில் எழுதியது பாரிஸ். பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்தபோது பாலம், கோட்டை, சாலை எல்லாம் போட ஆள் இல்லை என்று 1794-இல் பொதுப்பணிகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே அதன் பெயர் எக்கோல் பாலிடெக்னிக் என்று மாறியது. 1804-இல் நெப்போலியன் அதை ராணுவப் பள்ளியாக்கினான். அங்கே இடம் கிடைப்பது அன்றைக்கும் லேசில்லை, இன்றைக்கும் லேசில்லை. ஆக, முதல் பாலிடெக்னிக் இரண்டாம் பந்தி இல்லை. தலைவாழை இலை போட்ட முதல் பந்தி.

அதைப் பார்த்து வியன்னாவில் 1815, கார்ல்ஸ்ரூவில் 1825 என்று வரிசையாகத் திறந்தார்கள். சூரிச்சில் 1855-இல். அந்தச் சூரிச் பாலிடெக்னிக்கில்தான் ஐன்ஸ்டைன் படித்தார். முதல் முறை நுழைவுத் தேர்வில் தோற்று, ஒரு வருடம் வேறு பள்ளியில் படித்துவிட்டு 1896-இல் சேர்ந்தார். அவருக்கு முன்னால் அங்கே 1868-இல் மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் டிப்ளமோ வாங்கிய ஒருவரின் பெயர் ரோன்ட்கன். ஆமாம், எக்ஸ்-ரே கண்டுபிடித்தவரேதான். உங்கள் அத்தானிடம் "டி.எம்.இ. (டிப்ளமோ மெக்கானிக்கல்) படித்தவர்தான் இயற்பியலுக்கு முதல் நோபல் வாங்கினார்" என்று சொல்லிப் பாருங்கள். அந்தக் கல்லூரிக்குக் குன்றின் மேல் ஏறும் இழுவை ரயிலுக்கு இன்றைக்கும் 'பாலிபான்' என்றுதான் பெயர். 1889-இலிருந்து ஓடுகிறது.

இனி என் ஊர்க் கதை. ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகம் 1829-இல் ஒரு தொழிற்பள்ளியாகத்தான் பிறந்தது. 1840-இல் பாலிடெக்னிக் பள்ளி. 1890-இல் டெக்னிஷ ஹோக்ஷூல, அதாவது தொழில்நுட்ப உயர்கல்லூரி. 1967-இல் பல்கலைக்கழகம். ஒரே நிறுவனம், ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு படி ஏறியிருக்கிறது.

ஏறும்போது பழைய பல்கலைக்கழகங்கள் சும்மா விடவில்லை. "இரும்பும் எண்ணெயும் தொடுகிறவனுக்கு டாக்டர் பட்டமா?" என்று பெரிய சண்டை. கடைசியில் 1899-இல் ஜெர்மன் பேரரசர் கெய்சர் வில்ஹெல்ம், தன் ஆட்சிக்குட்பட்ட பிரஷ்யாவின் தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அந்த உரிமையைக் கொடுத்தார். அதிலும் ஒரு குசும்பு. லத்தீனில் கொடுக்கும் பல்கலைக்கழகப் பட்டத்தோடு குழம்பிவிடக் கூடாது என்று இன்ஜினியர் டாக்டருக்கு ஜெர்மன் மொழியில்தான் பெயர், நடுவில் ஒரு சிறு கோடும் போட வேண்டும் (Dr.-Ing.). என் மேலாளர் இன்றைக்கும் அந்தக் கோட்டை விடாமல் போடுவார். அவமானமாகக் கொடுத்தது இப்போது பெருமை.

அப்படி எல்லோரும் மாடிக்குப் போய்விட்டால் கீழே யார் என்று கேட்பீர்கள். இதே ஊரில் 1832-இல் கொத்தனார்களுக்கும் தச்சர்களுக்கும் 'குளிர்காலப் பள்ளி' என்று ஒன்று தொடங்கினார்கள். உறைபனியில் கட்டட வேலை நடக்காது, சும்மா இருக்கிற மாதங்களில் வரைபடமும் கணக்கும் படி என்று. அது பின்னால் செயல்முறைக் கல்லூரியாக வளர்ந்தது. 1970-ஐ ஒட்டி நாடு முழுக்க அந்த மாதிரிக் கல்லூரிகளுக்கு ஃபாக்ஹோக்ஷூல என்று தனி அந்தஸ்தே கொடுத்தார்கள். இப்போது அவையும் ஆங்கிலத்தில் தங்களைப் பல்கலைக்கழகம் என்றே எழுதிக்கொள்கின்றன. படி ஏறுவது நிற்கவே இல்லை.

#4 மஞ்சுவிரட்டு_82

சொக்கு, கதை பிரமாதம். ஆனால் ரோன்ட்கன் வாங்கிய டிப்ளமோவும் நம்ம ஊர் டிப்ளமோவும் ஒன்றா? அது அந்த நாட்டில் பட்டத்துக்குச் சமம். நம்முடையது பத்தாவது முடித்த பிள்ளைக்கு மூன்று வருடப் படிப்பு. பெயர் ஒன்று என்பதற்காகக் கானாடுகாத்தான் அரண்மனையும் என் வாடகை வீடும் ஒன்றாகிவிடாது. ரெண்டுக்கும் வாசலில் நிலைக்கதவு இருக்கிறது, அவ்வளவுதான்.

#5 ஸ்டுட்கார்ட்_சொக்கு

அது நியாயம். ஒப்புக்கொள்கிறேன். பெயர் ஒன்றுதான், படி வேறு. அந்தப் பெயர் நம்ம ஊருக்கு வரும்போது எப்படிக் கீழே இறங்கியது என்பது எனக்குச் சரியாகத் தெரியாது. பட்டறை ஐயா இந்தப் பக்கம் வருவாரா?

#6 பட்டறை_ஐயா

வந்துவிட்டேன். கண் ஆபரேஷன் ஆகி ஒரு வாரம், பெரிய எழுத்தில் வைத்துத்தான் படிக்கிறேன். வள்ளி ஆத்தா, நான் பாலிடெக்னிக்கில் படித்து, வேறோர் ஊர்ப் பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப்பில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 71.

சொக்கு தம்பி 1794 என்று சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதே 1794-இல்தான் சென்னைக் கோட்டைக்குப் பக்கத்தில் மைக்கேல் டாப்பிங் என்பவர் ஒரு சர்வே பள்ளி தொடங்கினார். மொத்தம் எட்டுப் பையன்கள். நிலத்தை அளக்கக் கும்பினிக்கு (கிழக்கிந்தியக் கம்பெனிக்கு) ஆள் வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். இன்றைய கணக்கில் சொன்னால் ஐ.டி.ஐ. மாதிரி. பாரிஸில் குடியரசுக்குப் பொறியாளர், சென்னையில் கும்பினிக்குச் சங்கிலி பிடிக்க ஆள். அதே வருடம்! அந்தச் சர்வே பள்ளிதான் 1858-இல் சிவில் இன்ஜினியரிங் பள்ளி, 1859-இல் கல்லூரி, 1920-இல் கிண்டிக்குக் குடிபெயர்ந்தது, 1978-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் மூத்த பிள்ளை. இன்றைக்குக் கிண்டியில் சீட் கிடைத்தால் வீட்டு வாசலில் ஃப்ளெக்ஸ் வைக்கிறார்கள். அதன் மூலம் எட்டுப் பையன்களின் பட்டறைதான்.

இரண்டாம் பந்தி எங்கே வந்தது என்றால், என் கணக்கில் பொதுப்பணித் துறையில் வந்தது. வெள்ளைக்காரன் ஆட்சியில் வாய்க்கால், அணை, சாலை எல்லாம் அந்தத் துறை. மேலே இன்ஜினியர், பெரும்பாலும் வெள்ளைக்காரர். அவருக்குக் கீழே ஓவர்சீயர், அதற்கும் கீழே சப்-ஓவர்சீயர். 1847-இல் வடக்கே ரூர்க்கியில் கங்கைக் கால்வாய்க்காகக் கல்லூரி தொடங்கினார்களே, அங்கேயும் ஒரே கூரைக்கு அடியில் இதற்கெல்லாம் தனித்தனி வகுப்பு. ஒரே பாலத்தைத்தான் எல்லோரும் கட்டுவார்கள். ஆனால் நாற்காலி ஒருவருக்கு, ஸ்டூல் ஒருவருக்கு, நிற்பது ஒருவருக்கு. நம்முடைய பி.இ., டிப்ளமோ, ஐ.டி.ஐ. என்கிற மூன்று தட்டும் அந்த உத்தியோக அடுக்கின் நிழல்தான். அரசு வேலையில் இன்றைக்கும் பி.இ. என்றால் ஏ.இ. (உதவிப் பொறியாளர்), டிப்ளமோ என்றால் ஜே.இ. (இளநிலைப் பொறியாளர்).

கிண்டி மேலே போய்விட்டதால் கீழே காலியாயிற்று. 1916-இல் சென்னையில் ட்ரேட்ஸ் ஸ்கூல் தொடங்கினார்கள். அதுதான் பின்னால் தரமணி சென்ட்ரல் பாலிடெக்னிக். 1930-களின் கடைசியில் இங்கிலாந்திலிருந்து ஆபட், வுட் என்று இருவர் வந்து தொழிற்கல்விக்கு யோசனை சொல்லிப் போனார்கள். அதன்படி 1941-இல் டெல்லி பாலிடெக்னிக் வந்தது. அந்த டெல்லி பாலிடெக்னிக் எங்கே? அதுவும் கல்லூரியாகி, இப்போது தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். சொக்கு தம்பி சொன்ன அதே படிதான், சுதி மாறவில்லை.

எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் எல்.எம்.இ., எல்.இ.இ. (லைசென்ஷியேட் என்கிற பழைய பெயர்) என்று பெயருக்குப் பின்னால் போடுவார்கள். எங்கள் செட்டிலிருந்து டிப்ளமோ. நான் சேர்ந்தது 1971-இல். அன்றைக்குப் பாலிடெக்னிக் சீட்டுக்கே சிபாரிசுக் கடிதத்தோடு அலைந்தார்கள். எங்கள் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளி முதல் மாணவர்கள் மூன்று பேர். காரணம், மாநிலம் முழுக்க இன்ஜினியரிங் கல்லூரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பியூசி, அப்புறம் ஐந்து வருடம் என்று காத்திருக்க வீட்டில் சோறு இருக்காது. மூன்று வருடத்தில் சம்பளம் என்றால் யார் விடுவார்கள்?

1984-இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். அதற்குப் பின் வருடத்துக்கு வருடம் முளைத்து, மாநிலத்தில் ஐந்நூறைத் தாண்டியது. மார்க் உள்ளவனும் பணம் உள்ளவனும் அங்கே போனான். மிச்சம் இருந்தவன் எங்களிடம் வந்தான். வள்ளி ஆத்தா கேட்டதற்கு ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால் இதுதான்: அடுக்கு வெள்ளைக்காரன் காலத்தது. முகச்சுளிப்பு நாற்பது வருடத்தது.

#7 செக்காலை_வள்ளி

ஐயா, இதை அப்படியே அச்செடுத்து அத்தானிடம் கொடுக்கப் போகிறேன். இன்னொன்று கேட்க வேண்டும். அவள் அங்கே போனால் உண்மையில் என்னதான் செய்வாள்? ராவுவது என்று அப்பத்தா சொல்வது எவ்வளவு தூரம் உண்மை?

#8 பட்டறை_ஐயா

முழு உண்மை. மறைக்க வேண்டாம்.

ஃபிட்டிங் ஷாப்பில் முதல் நாள் ஒரு மைல்டு ஸ்டீல் தகட்டைக் கொடுப்போம். ஐம்பது மில்லிமீட்டர் சதுரமாக்கு என்போம். வைஸில் இறுக்கிப் பிடித்து அரத்தால் ராவ வேண்டும். முதல் மணி நேரத்தில் எல்லோருக்கும் நடு மேடாக, இரு ஓரமும் சரிந்துவிடும். ஏனென்றால் கை ஊஞ்சல் மாதிரி ஆடும். மூலைமட்டத்தை ஓரத்தில் வைத்து ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் இன்னும் ராவு. மறுபடி பார். மறுபடி ராவு. இரண்டாம் நாள் உள்ளங்கையில் கொப்புளம். நாலாம் வாரம் திடீரென்று ஒரு பிள்ளையின் மட்டத்தில் வெளிச்சம் மறைந்துவிடும். அந்த நேரத்தில் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். முப்பத்து நாலு வருடம் அதற்காகத்தான் வேலைக்குப் போனேன் என்றுகூடச் சொல்வேன்.

இதனால் என்ன பயன், மெஷின் ஒரு நிமிடத்தில் செய்துவிடுமே என்று கேட்பார்கள். வரைபடத்தில் 'பிளஸ் ஆர் மைனஸ் 0.02' என்று ஒருவன் பொழுதுபோக்காக எழுதிவிடலாம். அதை ராவிப் பார்த்தவன் அப்படி எழுத மாட்டான். எவ்வளவு வியர்வை, எவ்வளவு காசு என்று அவன் கைக்குத் தெரியும். பி.இ. பிள்ளைகளுக்கும் முதல் வருடத்தில் ஒர்க்‌ஷாப் உண்டு. பல இடங்களில் அது ரெக்கார்டு நோட்டு எழுதுவதோடு முடிந்துவிடுகிறது.

இந்தப் புகழ்ச்சிக்கு நடுவே ஒரு வயிற்றெரிச்சலும் சொல்ல வேண்டும். நான் கடைசியாக வேலை பார்த்த இடத்தில் ஒன்பது லேத்தில் நாலுதான் ஓடும். பெல்ட் வாங்கப் பேப்பர் எழுதி எழுதியே ஓய்வு பெற்றேன். ஆகவே பிள்ளையைச் சேர்க்கும் முன் அட்மிஷன் அறையைப் பார்க்காதீர்கள், நேராகப் பட்டறைக்குப் போங்கள். தரையில் இரும்புச் சுருள் கிடக்கிறதா, எண்ணெய் வாடை அடிக்கிறதா பாருங்கள். தரை கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

#9 கோட்டையூர்_மெய்

ஊர்க்காரர்கள் எல்லோரும் பாரிஸ், ஸ்டுட்கார்ட் என்று பேசுகிறீர்கள், வளர்த்த மண்ணை மறந்துவிட்டீர்களே!

எங்கள் கோட்டையூரில் 1909-இல் பிறந்த அழகப்பச் செட்டியார் இன்ஜினியர் இல்லை. இலக்கியம் படித்தவர், லண்டனில் பாரிஸ்டர், விமானம் ஓட்டத் தெரிந்தவர். மலேயாவில் ரப்பர், கேரளத்தில் நூற்பாலை என்று சம்பாதித்தவர். அவர் கொடுத்ததை வரிசைப்படுத்திப் பாருங்கள். 1944-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்க 5 லட்சம் (கிண்டியில் இன்றும் ஏ.சி.டெக் என்பது அதுதான்). 1947-இல் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாவில் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் சிற்றூர்ப் பக்கம் கல்லூரி வேண்டும் என்று பேசியதைக் கேட்டு, அந்த ஆண்டே காரைக்குடி காந்தி மாளிகையில் கலைக்கல்லூரி. மின்வேதியியல் ஆய்வகம் எங்கே வைக்கலாம் என்று டெல்லியில் யோசித்துக்கொண்டிருந்தபோது 300 ஏக்கரும் 15 லட்சமும் எடுத்து வைத்தார். 1948 ஜூலை 25-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்தார். நாம் சிக்ரி என்று சொல்கிறோமே அதுதான். நடுவில் 1952-இல் இன்ஜினியரிங் கல்லூரி. கூடவே பாலிடெக்னிக்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆய்வகம், பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், பள்ளி எல்லாம் கூப்பிடு தூரத்தில். ஒரு பிள்ளை தச்சு வேலையில் தொடங்கி அதே சாலையில் நடந்து ஆராய்ச்சி வரை போகலாம். நம்ம செட்டிநாட்டு வளவு வீட்டில் முகப்பு, பட்டாலை, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் ஒரே கோட்டில் ஒரு வாசலிலிருந்து மறு வாசல் தெரிகிற மாதிரி இருக்குமே, அப்படி. அதில் அடுப்படியைக் கீழ் என்று எந்த ஆச்சியாவது சொல்வாரா?

1957 ஏப்ரல் 5-இல் காலமானார். மறுநாள் 48-ஆவது பிறந்தநாள். அவ்வளவு குறுகிய காலம்.

கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்டார், அங்கே 1945-இல் பொறியியல் வந்தது. கருமுத்து தியாகராசச் செட்டியார் 1957-இல் மதுரையில் பொறியியல் கல்லூரி. வட்டிக்கு விடும் லேவாதேவிக்காரர்கள் என்று நம்ம செட்டிநாட்டாரைச் சொல்வார்கள். வட்டிப் பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று யாரும் எழுதுவதில்லை.

#10 மஞ்சுவிரட்டு_82

மெய் அண்ணே, எல்லா வட்டிப் பணமும் கல்லூரிக்குப் போகவில்லை. பாதிக்கு மேல் நம்ம ஊர்ப் பெரிய வீடுகளின் இத்தாலி மார்பிளிலும் பெல்ஜியம் கண்ணாடியிலும் நிற்கிறது, அதில் இப்போது வௌவால்தான் குடியிருக்கிறது. 😄

#11 ஆத்தங்குடி_கல்

நானும் ஒரு வார்த்தை. எங்கள் பட்டறையில் பூக்கல் (தரையில் பதிக்கும் ஆத்தங்குடி டைல்) போடுகிறோம். கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணச் சாந்தை ஊற்றி, மேலே சிமென்டும் மணலும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. என் ஐயா காலத்திலிருந்து யாரும் எந்தப் பள்ளியிலும் இதைப் படிக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் கல்லெல்லாம் மயிர் போல வெடிப்பு விட ஆரம்பித்தது. சிமென்டை மாற்றினோம், போகவில்லை. எங்கள் மூத்த ஆசாரி மணலைக் கையில் பிசைந்து "கறை ஒட்டுது, இது மண்ணு கலந்த மணலு" என்றார். மணல் வியாபாரி ஒப்புக்கொள்ளவில்லை. டிப்ளமோ சிவில் முடித்த ஒரு பையன் வேலை கேட்டு வந்திருந்தான். கண்ணாடிக் குடுவையில் மணலும் உப்புத் தண்ணீரும் போட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் அசையாமல் வைத்தான். மேலே சேறு தனி அடுக்காகப் படிந்தது. ஸ்கேலை வைத்து அளந்து காட்டினான். வியாபாரி வாயை மூடிக்கொண்டு லோடைத் திருப்பி எடுத்தார்.

ஆசாரிக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதை அளந்து காட்டக் குடுவைக்காரன் வேண்டியிருந்தது. பி.இ. முடித்த ஒருவரையும் அதற்கு முன் கேட்டோம், லேபுக்கு அனுப்புங்கள், ரிப்போர்ட் வர பத்து நாள் என்றார்.

#12 சிங்கை_அழகு

சிங்கப்பூர்க் கதையும் கேளுங்கள். இங்கே 1954-இல் சிங்கப்பூர் பாலிடெக்னிக் வந்தது. இப்போது மொத்தம் ஐந்து. நம்ம பத்தாம் வகுப்பு மாதிரி ஓ லெவல் முடித்த பிள்ளைகளில் பெரும்பகுதி அங்கேதான் போகும். என் மகனும் அங்கேதான் படித்தான், யாரும் முகம் சுளிக்கவில்லை. மூன்று வருடம், அதில் வேலைப் பயிற்சி கட்டாயம்.

இங்கிலாந்தில் வேறு மாதிரி. 1960-களில் பல்கலைக்கழகத்துக்குப் போட்டியாக என்றே ஊர் ஊராகப் பாலிடெக்னிக் திறந்தார்கள். 1992-இல் ஒரு சட்டம் போட்டு, எல்லாவற்றையும் பல்கலைக்கழகம் என்று பெயர் மாற்றிக்கொள்ள விட்டார்கள். ஹாங்காங்கும் 1994-இல் தன் பாலிடெக்னிக்கைப் பல்கலைக்கழகமாக்கியது. சிங்கப்பூர் மட்டும் பலகையை மாற்றாமல் வைத்திருக்கிறது. ஆனால் இங்கேயும் டிப்ளமோ முடித்ததும் பிள்ளைகள் டிகிரிக்குத்தான் ஓடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

#13 ரஸ்தா_கண்ணன்

நான் அந்த ஓடியவர்களில் ஒருவன். தேவகோட்டை ரஸ்தா பக்கம் வீடு. டிப்ளமோ எலக்ட்ரிக்கல் முடித்து, நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. (லேட்டரல் என்ட்ரி) சேர்ந்தேன். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், தமிழ்நாடு முழுமைக்கும் அந்தக் கலந்தாய்வைப் பல வருடம் நடத்தியது நம்ம காரைக்குடி இன்ஜினியரிங் கல்லூரிதான். அந்த நாட்களில் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கல்லூரிச் சாலை வரை அப்பாவும் பிள்ளையுமாக ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடப்பார்கள். லாட்ஜில் ரூம் கிடைக்காது. கன்னியாகுமரியிலிருந்து வந்த ஒரு குடும்பம் எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தது.

ஏன் ஓடினேன் என்றால், டிப்ளமோ முடித்ததும் அப்ரண்டிஸ் ஒரு வருடம் ஒரு தனியார் தொழிற்சாலையில் இருந்தேன். (1961 அப்ரண்டிஸ் சட்டத்தில் ஐ.டி.ஐ. போன்ற கைத்தொழில் பயிற்சிக்கு மட்டும் இருந்ததை 1973-இல் டிப்ளமோவுக்கும் பட்டதாரிக்கும் நீட்டினார்கள்.) பிரேக்டவுன் என்றால் ராத்திரி இரண்டு மணிக்கு என்னைத்தான் எழுப்புவார்கள். கண்ட்ரோல் பேனலைத் திறந்து எந்த ரிலே போயிருக்கிறது என்று கண்டுபிடித்து ஓட விடுவேன். காலையில் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது பி.இ. படித்தவர். கேன்டீனில்கூட அவர்களுக்குத் தனி மேஜை. மெய் அண்ணன் அடுப்படி என்று அழகாகச் சொன்னார். அடுப்படியில் சமைத்தவளைக் கடைசியில்தானே சாப்பிட விடுகிறோம்?

பி.இ. வகுப்பில் நடந்ததையும் சொல்கிறேன். ப்ளஸ் டூ முடித்து வந்த பிள்ளைகள் கணக்கில் என்னைத் தூக்கிச் சாப்பிட்டார்கள். பாலிடெக்னிக் கணக்கு அதற்குப் போதாது. முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் வைத்தேன். லேபில் அவர்கள் என்னிடம் வந்தார்கள். வள்ளி அக்கா, உங்கள் பெண்ணுக்குச் சேரும் எண்ணம் உறுதி என்றால், மாலையில் ப்ளஸ் டூ கணக்குப் புத்தகத்தையும் தனியாகப் படித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

#14 பட்டறை_ஐயா

கண்ணன் தம்பி சொன்னது உள்ளே தைத்தது. ஓடியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று யோசித்துப் பார்க்கிறேன். சர்வே பள்ளி ஏறிப் போன இடத்தில் ட்ரேட்ஸ் ஸ்கூல் வந்தது. ட்ரேட்ஸ் ஸ்கூல் பாலிடெக்னிக் ஆயிற்று. இப்போது பாலிடெக்னிக் பிள்ளைகள் முக்கால்வாசி பி.இ.க்கு வழி என்றே உள்ளே வருகிறார்கள். எங்கள் கடைசி வருடங்களில் "சார், லேட்டரல் என்ட்ரிக்கு எத்தனை பர்சென்ட் வேணும்?" என்பதுதான் முதல் கேள்வி. அரத்தைப் பிடிப்பதற்கு முன்பே. பள்ளி ஏறாவிட்டால் பிள்ளை ஏறிவிடுகிறான். அந்தக் காலியான இடத்தில் இப்போது தெருமுனை லேத் பட்டறைதான் நிற்கிறது போல. வள்ளி ஆத்தா, உங்கள் பெண் அங்கேதானே கற்றுக்கொண்டாள்?

#15 மஞ்சுவிரட்டு_82

கண்ணன் அந்தக் கணக்கு விஷயத்தைச் சொன்னது நல்லது. நான் இதுவரை பேசியதில் சம்பளம் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன். ஆனால் பட்டறை ஐயாவின் வெளிச்சக் கதையைப் படித்தபோது, நான்கு வருட பி.இ.யில் நான் கையால் செய்த பொருள் எது என்று யோசித்தேன். ஒரு 'எல்' வடிவ மர இணைப்பு. அதுவும் பக்கத்துப் பையன் செய்தது.

#16 செக்காலை_வள்ளி

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஐயா சொன்னபடி போன வாரம் அவளையும் அத்தானையும் கூட்டிக்கொண்டு இரண்டு இடம் போனேன். ஒன்றில் தரை பளபளத்தது. வந்த வழியே திரும்பினோம். இன்னொன்றில் எண்ணெய் வாடை, மூலையில் இரும்புச் சுருள் குவியல், ஒரு பையன் வைஸில் குனிந்து ராவிக்கொண்டிருந்தான். அத்தான் வாயே திறக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் மெதுவாக, "ரோன்ட்கன் நிஜமாவே மெக்கானிக்கலா?" என்று கேட்டார். மஞ்சுவிரட்டுத் தம்பியின் திருத்தத்தை நான் சொல்லவில்லை, மன்னிக்கவும்.

அவள் ஆறிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் டிப்ளமோவுக்கும் உண்டு என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ப்ளஸ் டூ கணக்குப் புத்தகம் பழையது ஒன்று என்னிடமே இருக்கிறது.

மிச்சம் இருந்தது அப்பத்தா மட்டும். லேத் பக்கம் போகும்போது துப்பட்டா கூடாது, காக்கிச் சட்டை போட வேண்டும், பின்னலை மடித்துக் கட்டித் தொப்பிக்குள் செருகிவிட வேண்டும், முடி தொங்கினால் மெஷின் இழுத்துவிடும் என்று அவளே விளக்கினாள். அப்பத்தா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "தலையை விரிச்சுப் போட விட மாட்டாகளா? அப்பச் சரி, போகட்டும்" என்றார்.